ஈரப்பதம்

மூணாறு தலைப்பில்
வெண்ணாறு மூன்றாகப் பிரிவது போலத்தான்
வதந்தியும் பிரிந்தது, நீடாமங்கலத்தில்.

மன்னார்குடிப் பக்கம் போன கிளை சொன்னது:
'ஏழாம் நம்பர் ஷட்டர்' எழுதியது
ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி,
பென்ஷனுக்குப் பயந்து பெயரை மறைக்கிறார்.
கூத்தாநல்லூர்ப் பக்கம் போனது சொன்னது:
நீதிபதி இல்லை,
நீதிபதியின் முதல் மனைவி.
மூன்றாவது
எந்தெந்த வயலிலோ பாய்ந்து
ஒரு செவ்வாய்க்கிழமை காலை
என் மேசைக்கு வந்து நின்றது:
"அக்கா, நீங்கதானாமே?"

நான் நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் போடுகிறவள்.
வந்த மூட்டை, திருப்பிய மூட்டை,
கூட்டிக் கையெழுத்து.
அதற்கு மேல் நீளமாக நான் எழுதியது
இடமாற்றம் கேட்டு ஒரு மனு.
அதற்கும் பதில் இல்லை.

இல்லை என்றேன்.
"எழுதினவங்க அப்படித்தான் சொல்வாங்க."
சிரித்தேன்.
"பாருங்க, சிரிக்கிறாங்க."
பேசாமல் இருந்தேன்.
பொழுது சாய்வதற்குள்
வலங்கைமான் வரை உறுதியாகிவிட்டது.

பாமணி என்று பெயர் போட்டிருந்தது.
ஆற்றின் பெயர்.
ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும்,
எனக்கும் பொருந்திவிட்டது.
கண்டக்டர் பாக்கிச் சில்லறையை
மறக்காமல் கொடுத்தார்.
மருந்துக்கடை ராஜமாணிக்கம்
தன் கல்யாணம் நின்ற கதையைச் சொல்லி
"அடுத்ததுல போடுங்க" என்றார்.
வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் கேட்டார்:
"அதுல வர்ற குடிகாரன் நானா?"

அப்புறம்தான் வாங்கினேன்.
இருநூற்றெண்பது ரூபாய்.

நன்றாகத்தான் இருந்தது,
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் வரை.
அங்கே ஒரு கொள்முதல் நிலையம்.
மாசி வெயிலில் நாலு நாள் காய்ந்த நெல்லைக்
கொட்டிவைத்து நிற்கிறாள் ஒருத்தி.
மெஷின் காட்டுகிறது: இருபத்தாறு.
மேசையிலிருந்து ஒரு குரல்:
"மெஷின் சொன்னா மெஷின்தான். அள்ளிட்டுப் போ."
பெயரை மாற்றியிருந்தது.
மூக்குத்தியை மாற்றவில்லை.

அந்த இருபத்தாறைப் பிடித்துக்கொண்டுதான்
விவரம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள்.
மாசியில் ஏது இருபத்தாறு?
களத்தையே பார்க்காதவன்
மெட்ராஸில் ஏசிக்குள் உட்கார்ந்து எழுதியது.
இது நாலாவது கிளை.

எனக்குத் தெரியும் அந்த எண்ணை.
அன்று அங்கே இருந்தது ஐந்து பேர்.
நெல்லுக்காரி, இப்போது திருப்பூரில் பனியன் மடிக்கிறாளாம்.
வாட்ச்மேன், மத்தியானத்தில் தூங்குகிறவர்.
லாரி டிரைவர், ஒடிசாக்காரர்.
நான்.
சாக்குக்கு வாய் தைக்கிற வேதரத்தினம்,
ஏழாவது வரை படித்தவர்,
அல்லது அப்படிச் சொல்லிக்கொள்பவர்.
கூலிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
அவர் கையெழுத்து அச்சடித்தது போல இருந்தது.
ஆறு வருஷமாக அதன் பக்கத்தில்தான்
தொகையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
எந்தக் கிளையும் அவர் பக்கம் திரும்பவில்லை,
மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏறாதது போல.

நேற்று, கூட்டம் ஓய்ந்த நேரம்,
யாரிடமோ சொல்வது போலச் சொன்னேன்:
"அந்தக் கதையில ஈரப்பதம் தப்பாம்.
எழுதுன ஆளுக்கு நெல்லே தெரியாதாம்."

கோணி ஊசி நிற்கவில்லை.
"தப்பு என்ன தப்பு.
அன்னைக்கு பேட்டரி தீந்து கெடந்துச்சு.
மறுநாள் நீங்கதானே மாத்துனீங்க."

பிறகு நின்றது.

நிமிர்ந்து பார்த்தார்.
மாற்றினேன்தான்.
காலையில், முதல் மூட்டைக்கு முன்னால்,
ஒருத்தரிடமும் சொல்லாமல்.
அவளைக் கூப்பிட்டு அனுப்பவும் இல்லை.

சணலைப் பல்லால் கடித்து அறுத்தார்.
அடுத்த சாக்கை இழுத்து
வாயைச் சேர்த்துப் பிடித்தார்.
நான் பட்டியலில் ஏற்றினேன்:
நூற்றுப் பன்னிரண்டு.

போன் அடித்தது.
தஞ்சாவூரிலிருந்து யாரோ, மரியாதையான குரல்:
"ஒரே ஒரு கேள்வி மேடம்,
நீங்கதான் பாமணியா?"

கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது.
"தார்ப்பாய் போடணும்" என்றேன்,
"அப்புறம் பேசுங்க."
இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.