மீதி ஒன்பது மீட்டர்

கொட்டாம்பட்டி பஸ்ஸில் ஏறும்போது தவளை
என் சில்லறைப் பர்சில் இருந்தது.
தகரத் தவளை. வயிற்றை அழுத்தினால் டக் என்னும்.
முதுகில் ஆறு எழுத்தில் அதன் எண்.
எஸ்தோனியாக்காரி ஒருத்தி அவிழ்த்துவிட்டது.
மலைக்கு மலை தாவ வேண்டுமாம்,
டப்பாவுக்கு டப்பா, ஆள் மாற்றி ஆள்.

நாகமலையில், கற்றாழைக்கு அடியில்
யாரோ ஒளித்த டப்பாவில் நான்தான் எடுத்தேன்.
பதிலுக்கு ஒரு கோலிக்குண்டு வைத்தேன்.
அடுத்த வாரமே இறக்கிவிடுகிறேன் என்று பதிந்தேன்.
ஏழு மாதம்.
ஆடிட், மகனுக்கு அம்மை, மறுபடி ஆடிட்.
நடுவில் அவளிடமிருந்து ஒரே வரி: தவளை நலமா?

மேலூர் தாண்டி இறங்கி
போனில் அம்புக்குறியின் பின்னால் நடந்தேன்.
நானூறு மீட்டர். அறுபது.
துப்பட்டாவை வேலி பிடித்து இழுத்தது.
பதினாறு. ஒன்பது.
அதோடு தரை முடிந்துவிட்டது.
மீதி ஒன்பதும் காற்று.
கேக் வெட்டியதுபோல் அறுத்த சுவர்கள்,
ஆழத்தில் பச்சைத் தண்ணீர்.
குறிப்பு சொன்னது: மொட்டைப் பாறை,
உச்சிக்குச் சற்றுக் கீழே, இடுக்கு.
அந்த உயரத்தில் ஒரு கொக்கு குறுக்கே போனது.

குவாரி வாட்ச்மேன் வந்தார். என்ன தொலைச்சீக?
ஒரு டப்பா என்றேன்.
மலையே போச்சு, டப்பாவுக்கு எங்க போக?
தவளையை வாங்கிப் பார்த்து அழுத்தினார்.
டக்.
எதிர்ச் சுவரிலிருந்து ஒரு டக் வந்தது.
மறுபடி அழுத்தினார்.
தண்ணியில விட்ருவமா, தவளதான?
வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில், தவளை நலம் என்று எழுதினேன்.
மலையைப் பற்றி என்ன சொல்வது என்று
ஒத்தக்கடை வரை யோசித்தேன்.
ஜன்னலில் யானைமலை, முழுசாக.
பைக்குள் எதுவோ அழுந்தி
டக் என்றது.