நெற்குப்பை, இரண்டு சாக்கு

வீட்டுக்கு நாற்பத்து மூன்று பங்காளிகள்.
சாவி ஒன்று. அது சேவுகனிடம்.
மாடியறைக் குப்பையை அள்ளிக்கொள்ள
எனக்கு ஏழு மாதம் பிடித்தது.
ஈப்போவிலிருந்து ஒரு கையெழுத்து,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு சந்தேகம்:
"குப்பைதானே, அதுல என்னங்க ஆராய்ச்சி?"

நாற்பத்து நாலாவது பங்காளி
யாரையும் கேட்காமல் குடியிருந்தாள்.
உடைந்த வண்ணக்கண்ணாடி வழியே
இருட்டியதும் போய், விடியுமுன் திரும்பி,
தேக்கு உத்தரத்தில் அமர்ந்து
செரிக்காததைக் கட்டைவிரல் நீளத்துக்குக்
கக்கிக் கக்கி
மூலையில் முழங்கால் உயரம்.
ஒரு கூகையின் வேலை அல்ல.
கூகை, அதன் மகள், மகளின் மகள்.
மேலடுக்கில் பாலித்தீன் இழை.
அடியில், ரங்கூன் முத்திரையோடு
பிரிக்காத ஓர் உறை.
நானும் பிரிக்கவில்லை. அது என் துறை அல்ல.

வெந்நீரில் ஊறினால் மயிர் விலகும்.
வயலெலித் தாடை, வெள்ளெலி மண்டை,
வௌவால் ஒன்றின் விரல், ஊசியை விட மெலிதாய்.
நான் ஒரு மாதம் பொறி வைத்துப் பிடிப்பதை
இவள் ஒரு வாரத்தில் சேர்த்திருக்கிறாள்.
சீட்டு எழுதவில்லை, அவ்வளவுதான் குறை.

ஐந்நூற்றுப் பதினொன்றாம் உருண்டையில்
அந்த மண்டையோடு.
மூஞ்சூறுதான். ஆனால் என் சுண்டுவிரலின்
ஒரு கணுவுக்குள் அடங்கிவிடும்.
மேல்தாடையில், முன்பல்லுக்குப் பின்னால்,
ஒற்றைமுனைப் பற்கள்
வீட்டு மூஞ்சூறுக்கு நான்கு.
எண்ணினேன். மூன்று.
கண்ணைக் கசக்கிவிட்டு எண்ணினேன். மூன்று.
டீ குடித்துவிட்டு வந்தும் மூன்று.

சென்னை அருங்காட்சியகத்தில்
ரோஸ்லின் இழுத்த ஏழாவது இழுப்பறையில்,
ரசகற்பூர உருண்டை நெடிக்குள், அதன் சோடி.
பழுப்புச் சீட்டு, சாய்ந்த எழுத்து:
மூஞ்சூறு, குட்டி. கிணற்றடி, திருப்பத்தூர்ச் சாலை, 1926.
லென்சை இறக்கினேன்.
பற்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன.
குட்டி இல்லை, கிழம்.
பேரன் பேத்தி எடுத்த ஒன்றைக்
கிட்டத்தட்ட நூறு வருடம்
குட்டி என்று கொஞ்சியிருக்கிறோம்.

"அப்ப, அழிஞ்சுபோனதா?" என்றாள் ரோஸ்லின்.
நோட்டைப் புரட்டினேன், எந்த அடுக்கு என்று.
மேலிருந்து இரண்டாவது.
பாலித்தீனுக்குப் பக்கத்தில்.

மாசி முழுக்க
கண்மாய்க் கரையில் வாளி புதைத்துக் காத்திருந்தேன்.
விழுந்தவை தவளைகள், ஒரு தேள்,
சேவுகனின் பீடிக்கட்டு.

பங்குனியில் கல்யாணம். வீட்டைத் திறக்கிறார்கள்.
ஜன்னலுக்குக் கம்பிவலை வந்து இறங்கிவிட்டது,
ஆணி டப்பாவோடு.
சுத்தியலைக் கையில் பிடித்தபடி சேவுகன்
உத்தரத்தையே பார்க்கிறார்.

இன்று காலை, பெருக்கிய தரையில்
ஒரே ஓர் உருண்டை.
ஈரம் காயாமல், அரக்குப் பூசியதுபோல்.
அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன்.
மூன்று.

நேற்று ராத்திரி வரை இருந்திருக்கிறது,
இந்த ஊரில் ஏதோ ஒரு வரப்பில்,
பெயரில்லாமல், உயிரோடு.
பார்த்தவள் அவள் ஒருத்திதான்.
பார்த்த விதம் அப்படி.

சேவுகனின் நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும்.
"குப்பை, இரண்டு சாக்கு" என்று எழுதியிருந்தார்.
அடிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன்.
இந்த ஊர்ப் பெயரிலேயே
குப்பை என்றால் குவியல்தானே,
களத்தில் தூற்றிச் சேர்த்த நெல்.
"ஓர் உருண்டையும்" என்று சேர்த்துக் கையெழுத்திட்டேன்.

வலை அடிக்க யார் சம்மதம் வேண்டும் என்று கேட்டேன்.
சற்று யோசித்தார்.
"நாப்பத்து மூணு பேருதும்" என்றார்,
சுத்தியலைக் கீழே வைத்து.