ஒரு கை அகலம்

நவம்பர் நடுவில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
ஜனவரி கடைசியில்தான் எங்கள் ஊருக்கு மூக்கை நீட்டும்.
அன்றைக்குக் காப்பியும் மெல்லிய அப்பமும் உண்டு.
சிக்னல் திரும்பி வர
அப்படியொரு தேதிகூட இல்லை.

கோபுரம் அடுத்த ஃபியோர்டின் மலைமுதுகில்.
அதன் அலை வரும், எதிர்ப்பாறையில் மோதும்,
படுகோணத்துக்குச் சமமான கோணத்தில்,
பாடப்புத்தகம் பிசகாமல்,
ஆளில்லாத சரிவுக்குப் போய்ச் சேரும்.
அங்கே இரண்டு அண்டங்காக்கைகள்.
அவற்றுக்கு அழைப்பு எதுவும் வருவதில்லை.

பாறையில் பலகை மாட்டினோம், நானும் ஓட்கெய்ரும்.
இரண்டு கதவு அகலம், இரண்டு கதவு உயரம்.
அதில் முப்பத்திரண்டாயிரம் செப்பு வளையங்கள்,
ஒவ்வொன்றும் கோட்டுப் பொத்தான் அளவு,
ஒவ்வொன்றிலும் மயிரிழை இடைவெளி.
மெட்டாமெட்டீரியல் என்றேன்.
இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு அவன்
பலகை என்றே வைத்துக்கொண்டான்.

"மோட்டார் எங்கே?"
இல்லை.
"கரண்ட்?"
வேண்டாம்.
"அப்புறம் எதுதான் அதைத் திருப்பும்?"

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகோத்து
உறைந்த ஏரியில் வரிசையாக வருகிறார்கள்.
ஒரு முனையில் உள்ளவள் கொஞ்சம் தயங்குகிறாள்.
பக்கத்தில் உள்ளவள் அதைவிடக் கொஞ்சம் குறைவாக.
மொத்த வரிசையும்
தயங்கியவள் பக்கம் திரும்பிவிடுகிறது.
யாரும் திரும்பவில்லை, ஓட்கெய்ர்.
ஆளுக்கு ஆள் வேறு வேறு தாமதம்.
கடல் ஓரத்து வளையம் அலையை வாங்கியதும் விடும்,
ஊர்ப் பக்கத்து வளையம் வைத்திருந்து விடும்.
வளையங்கள் வளைப்பது இப்படித்தான்.

ரெய்க்யவிக்கில் நீலப் பஞ்சுக் கூம்புகள் முளைத்த அறையில்
ஒவ்வொரு பாகையாக அதைச் சுழற்றி அளந்தவள் நான்.
அங்கே இருமினால் இருமல் திரும்பி வராது.
மூன்று வாரம் எல்லாம் சரியாக இருந்தது.
அந்த அறையில் பனி பெய்யாது.

டிசம்பர் ஒன்பது. வடமேற்குக் காற்று, ஈரப்பனி.
பலகையின் கடல் ஓரத்தில் மூன்று விரல் கனம் பனிக்கட்டி,
ஊர் ஓரத்தில் நகக்கனம்.
பனிக்கட்டியும் அலையைத் தாமதிக்கும்,
எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்காமல்.

காலை ஏழரைக்கு ஊரில் எல்லாக் கோடுகளும் அணைந்தன.
தாதி ஆல்ஃப்தீஸ் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
கார்க் கூரைமேல் ஏறி நின்றாள்,
என்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை,
அதுவே போதுமானதாக இருந்தது.

அதே நேரம் முனைக்கு வெளியே, காட் மீன் தூண்டிலில்,
குண்லௌகுரின் கோட்டுப் பைக்குள்
பத்தொன்பது வருடமாக அங்கே வெறும் கடிகாரமாக இருந்தது
பதினொரு முறை அதிர்ந்தது.
பல் மருத்துவர்: நேரம் மாறிவிட்டது.
நூலகம்: புத்தகத்தைத் திருப்பவும்.
தங்கை: என் அப்பச்சட்டி எங்கே?
தங்கை: சட்டி!
பெயர் பதியாத ஓர் எண்:
இன்னும் அதே படகா?

பதில் போட்டாராம்.
என்ன போட்டார் என்று கேட்க
இந்த ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை.

பகல் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சாம்பல் நேரத்தில்
ஓட்கெய்ர் கயிற்றில் இறங்கினான்,
செம்பு கீறாத பிளாஸ்டிக் சுரண்டியோடு.
நான் கீழே மீட்டரோடு.
படகைக் கட்டிவிட்டு வந்தவர்
மேலே பார்த்தபடியே சொன்னார்:
"கடல் பக்கம் ஒரு கை அகலம் விட்டுவையேன், ஸ்டெயின்வோர்."

விட்டால் கற்றையிலிருந்து ஒரு கிளை பிரியும்.
அதை ஒழிக்கத்தான் எட்டு மாதம் செலவழித்திருந்தேன்.
ஊருக்கு எவ்வளவு குறையும் என்று பார்த்தேன்.
ஆல்ஃப்தீஸின் போனில் ஒரு கோடுகூட இல்லை, அரைக் கோடு.

"போதும், ஏறி வா" என்று கத்தினேன்.
"இன்னும் ஓரம் இருக்கிறதே?"
"கைவலிக்கும், வா."

பனி உருகும், நம்ப முடியாது.
வசந்தத்தில் மாட்டிய புதுப் பலகையில்
கடல் ஓரக் கடைசிப் பன்னிரண்டு வரிசைகள்
மற்றவை போல இல்லை.
அறிக்கையில் அதற்கு
உற்பத்திப் பிழை என்று பெயர்.

அடுத்த சூரிய நாளில் குண்லௌகுர்
எல்லோருக்கும் அப்பம் சுட்டுத் தந்தார்,
இரண்டு தட்டு எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு,
தங்கையின் சட்டியில்.