உலக்கை உத்தண்டன்

உயரம் ஆறடி ஏழு. எடை நூற்று நாற்பத்தொன்று.
ஊர் என்ற கட்டத்தில் தாராவி என்று போட்டு
அழித்து, பாதாளம் என்றேன்.
பெயர் உலக்கை உத்தண்டன்.
கெட்டவன். கெட்டவனுக்குத்தான் நல்ல வசனம் வாய்க்கும்.

என் உயரம் நாலடி பதினொன்று.
சயானில் ஏறினால் யாரோ ஒருத்தியின் அக்குளில்தான்
காட்கோபர் வரை முகம்.
அப்படியே நின்று ஒற்றைக் கட்டைவிரலால்
அவனை உறுமவைக்கிறேன்.
அவனுடைய முடிக்கும் பிடிக்குப் பெயர் கடைசி லோக்கல்:
சிக்கியவன் விடியும்வரை எழமாட்டான்.

இங்கே மல்யுத்தம் எழுத்துதான்.
எவன் எழுத்து கனமோ அவன் தோள் தரையில் படாது.
பதினோரு வாரமாய்த் தோற்கவில்லை.
பராஞ்ச்பே சார் கத்தும்போது நான் விழுங்கியதையெல்லாம்
உத்தண்டன் மைக்கில் கக்கினான்.

இந்த வாரம் எதிராளி வெண்பல்லி.
டெல்லி முனிர்க்காவில் எவனோ பையன்,
ஒற்றுப்பிழை மலிந்தவன்.
சனி இரவு ஒரு சேதி:
அப்பா ஐசியூல. எழுத முடியல.
அடிச்சிடுங்க அக்கா, பரவால்ல.

அக்கா என்று எப்படிக் கண்டுபிடித்தான்?

ஞாயிறு, பதினொன்றரை.
மேடையில் உத்தண்டன் தனியாக.
நடுவர் எண்ணுகிறார். பத்து வந்தால் வெற்றி.
ஏளனமாய் நாலு வரி எழுதி அழித்தேன்.
ஆறுதலும் அவன் வாயில் வராது,
நான் அப்படி வளர்க்கவில்லை.

ஒன்பதில்
ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டதென்று திட்டிக்கொண்டே
கயிற்றைத் தாண்டி இறங்கிப் போனான்.
கூட்டம் ஊளையிட்டது.
அதையும் நான்தான் எழுதினேன்.