212-அ, ஆ, இ

நான்காம் சாட்சி சடைச்சி, க/பெ ஆண்டியப்பன்,
நாகலூர், காபித் தோட்டக் கூலி,
212-ஆம் பக்கத்தின் கடைசி வரியில்
‘டார்ச் வெளிச்சத்தில் அப்போது நான்’
என்று நிற்கிறாள்.
213-இல் ஐந்தாம் சாட்சி, கிராம நிர்வாக அலுவலர்,
சத்தியம் செய்து தொடங்கிவிடுகிறார்.

சென்னையிலிருந்து கடிதம்:
மேல்முறையீட்டில் ஆவணங்கள் முழுமையில்லை.
நான்கு வாரத்துக்குள் முழுமையாக்கி அனுப்புக.
அவர்களுக்கு அது ஒரு வரி.
எனக்கு அஸ்தம்பட்டி ஆவண அறை,
பதினோரு இரும்பு அலமாரி, தும்மல்.

அரசு வழக்கறிஞர் நகலும் 212-ஓடு சரி.
எதிரியின் வக்கீல்
வீட்டுக்குள் தண்ணீர் வந்த வருஷத்தைச் சொன்னார்.
தட்டச்சர் மங்கையர்க்கரசி
ஓய்வுபெற்று ஓசூரில், மகன் வீட்டில்.
போனில் கேட்டார்:
“மலைப் பொம்பளையா?
அஞ்சு மணி பஸ்ஸ விட்டா
ராத்திரி இங்கயே கெடக்கணும்னு அழுதுச்சே, அதுவா?
ஐயா பாதியில எழுந்துட்டாரு.
மறுநாள் வரச் சொன்னாரு.”

அந்த மறுநாளைத் தேடி
சாட்சிப்படிப் பதிவேட்டுக்குப் போனேன்.
பதினேழாம் தேதி, வெள்ளி. சடைச்சி, நாகலூர்.
அதற்கு மேல்வரியில், அதே நீதிமன்றத்தில்,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுத் திருட்டு.

அந்தக் கட்டை அவிழ்த்தேன்.
பட்டறைக்காரர் எடை சொல்லி முடித்த தாளுக்கும்
அடகுக்கடை ரசீதுக்கும் நடுவில்
நூல் கோத்து உட்கார்ந்திருந்தாள், மூன்று தாளாக,
ஆறு வருஷமாக.
ஒவ்வொன்றிலும் நீதிபதியின் சுருக்கொப்பம்.

‘டார்ச் என்னிடம் இல்லை. நேற்று பயத்தில் சொன்னேன்.
மிளகுக்கொடிப் பக்கம் யாரோ ஓடினார்கள்.
செருப்புச் சத்தம் கேட்டது.
இவர் செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை.’

தீர்ப்பை எடுத்துப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.
பத்தி முப்பத்தொன்று:
டார்ச் வெளிச்சத்தில் நேரில் கண்ட சாட்சி.
மூடி வைத்தேன்.
கருத்துச் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.

தேநீர்க்கடையில் நின்றால்
மத்திய சிறையின் மதில் தெரியும்.
அன்று தேநீர் குடிக்கப் போகவில்லை.

சிவப்பு மையில் எண் போட்டேன்:
212-அ. 212-ஆ. 212-இ.
‘பின்னர் கண்டெடுத்துச் சேர்க்கப்பட்டது’
என்று எழுதியதில்
‘கண்டெடுத்து’ வேண்டாம் என்றார் தலைமை எழுத்தர்.
கண்டெடுத்தால் தொலைத்தவர் யார் என்று வரும்.
அரைநாள் வாதாடினேன்.
சேர்க்கப்பட்டது, அவ்வளவுதான்.
மூன்றாம் வாரம் முடியுமுன் கட்டு சென்னைக்குப் போயிற்று.

பதிவேட்டைத் திருப்பி வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது.
பதினாறாம் தேதிக்கு நேரே
கட்டைவிரல் ரேகை, நீலமாய், கொஞ்சம் இழுபட்டு.
பதினேழுக்கு நேரே தொகை மட்டும்,
ரூபாய் நூற்றுப் பத்து.
ரேகைக் கட்டம் வெள்ளை.

இருபது கொண்டை ஊசி வளைவு,
இறங்கவும் ஏறவும்
அன்றைக்கு அவள் காசு.

கேட்டேன்.
அது நாசர் பிரிவு என்றார்கள்.