சுவேக்கோ

மெக்சிகோ நகரம், தொக்தோரெஸ் பேட்டை.
ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர்;
சேறு இன்னும் தன் கணக்கை முடிக்கவில்லை.
மாநகராட்சி என்னை அனுப்பியது,
ஒரு தூக்குக்குண்டும் ஒரு படிவமும் கொடுத்து.

கீழே சக்கரம் சீராக்கும் க்ரிசோஃபரோ
காருக்கடியில் கிடந்தபடியே சொன்னான்: "சுவேக்கோ."
அச்சையா, கட்டடத்தையா என்றேன்.
"என் மைத்துனனையும் சேர்த்துத்தான்."

அதே சொல்லைப் பல் மருத்துவர் உர்ரூத்தியா
ஒரு சிறுமியின் வாய்க்குள் சொன்னார்,
மெல்ல, வலிக்காமல்.
பிறகு அவள் அம்மாவிடம் அதற்கொரு விலை சொன்னார்.

நோட்டரி பெலிசாரியோ வாயால் சொல்வதில்லை.
பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்து
உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டுவார்.
முத்திரை பொய்; கையெழுத்து, செத்தவருடையது.
எங்கள் பேச்சில்
சட்டத்துக்கும் நேர்கோட்டுக்கும் பெயர் ஒன்றுதான்.
ஆகவே கோணிய எதுவும் இங்கே
பிறக்கும்போதே பாதிக் குற்றவாளி.

ஆனால் படிக்கட்டில் பையன்களைக் கேளுங்கள்!
வில்கால் நெமேசியோ, இடது ஓரம்,
முழங்கால்களுக்கு நடுவே ஒரு நாய் புகுந்து போகலாம்,
அவன் உதைத்த பந்து எப்போது திரும்பும் என்று
பந்துக்கே தெரியாது.
சுவேக்கோ, சுவேக்கோ என்று மைதானமே கத்தும்.
அங்கே அது பட்டம்.

மூன்றாம் மாடி பூட்டியிருந்தது.

நான்காவதில் இலாரியா தாப்பியா.
போன பிப்ரவரியில் ஒரு காலை
முகத்தின் பாதி எழுந்திருக்கவில்லையாம்.
"சிரிப்புதான் சுவேக்கோ, காபி நன்றாயிருக்கும்" என்றாள்.
மேசையின் இரண்டு கால்களுக்கு மட்டும் கட்டை கொடுத்திருந்தாள்,
அதுவும் போதவில்லை:
கோப்பையில் காபி ஒரு பக்கம் ஏறி நின்றது.
அந்த வீட்டில் மட்டமாக இருந்தது அது ஒன்றுதான்.
"எலுமிச்சை தொலைந்தால் ஜன்னல் மூலையில் தேடுவேன்.
இருபது வருடமாக அங்கேதான் கிடைக்கிறது."

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
நேர்.
காலி செய்க.

நேர் என்று எழுதினால்
கட்டடத்தின் கோணல் என் அறிக்கைக்கு வந்துவிடும்.
உள்ளதை எழுதினால் அறிக்கை நேர்,
பதினோரு குடும்பம் நடைபாதையில்,
மெத்தைகளோடு, அந்த எலுமிச்சைகளோடு.

அவள் உறை எதையும் நீட்டவில்லை.
இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள், கேட்காமலே.
நீட்டியிருந்தால் எளிது.
அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும்.

கயிற்றில் குண்டு ஆடிக்கொண்டிருந்தது.
நிற்கட்டும் என்று பேனாவை மூடிவைத்தேன்.
தெருவில் ஒரு லாரி போனது.
நின்றுவிடும் போலிருந்தது,
இன்னொரு லாரி.