மூன்று பெட்டிகள்

புவெர்த்தோ மத்ரினில் பேருந்துக்கு
நாற்பது நிமிடம் இருந்தது.
இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்திருந்தேன்.
ஆனாலும் பொம்மைக் கடைக்காரி எலுனெட்
மூக்கை ஒரு தடவை சுருக்கிவிட்டுத்தான் சிரித்தாள்.

"விலங்குப் புதிர் வேண்டும். மகளுக்கு."
"வயது?"
"மூன்று" என்றேன். பிறகு விரல்விட்டு எண்ணினேன்.
ஜனவரியில் கப்பல் ஏறியபோதுதான் மூன்று.
இது ஜூன்.
"பெட்டியில் போட்டிருக்கும் வயது
பெட்டியின் வயது" என்றாள் எலுனெட்.
"உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள்.
கிடைத்ததை இன்னும் வாயில் வைக்கிறாளா?
பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறாளா, விரல்களாலா?
துண்டு பொருந்தாவிட்டால்
அழுத்துகிறாளா, வீசுகிறாளா, திருப்பிப் பார்க்கிறாளா?"

எந்த ஆழத்தில், எந்த விளக்குக்கு
ஊசிக்கணவாய் ஏறி வரும் என்று கேட்டிருந்தால்
மணிக்கணக்காகச் சொல்லியிருப்பேன்.

என் மௌனத்தை அவள்
விலை விசாரிக்கும் மௌனமாக எடுத்துக்கொள்ளவில்லை.
ஒரு பெட்டியை இறக்கினாள்:
மரப்பலகை, நான்கு விலங்குகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் செர்ரி அளவில் ஒரு குமிழ்.
குதிரையைத் தூக்கினால்
பள்ளத்துக்குள்ளும் அதே குதிரை வரைந்திருந்தது.
கழிப்பறைக் காகிதம் தீர்ந்த அட்டைக்குழல் ஒன்றை
மேசைக்கடியிலிருந்து எடுத்து
கடற்சிங்கத்தை அதில் போட்டாள். நுழையவில்லை.
"இதில் நுழைவது தொண்டையிலும் நுழையும்."
விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினாள், சிராய் இல்லை.
சாயத்தை முகர்ந்து பார்க்கச் சொன்னாள்.
என்னையா!

இரண்டாவது, பன்னிரண்டு துண்டு.
குவானகோவும் குட்டியும்.
"கண் ஒரு துண்டில், மூக்கு ஒரு துண்டில். பார்த்தீர்களா?
முழு முகமும் ஒரே துண்டில் வந்துவிட்டால்
குழந்தை அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும்.
கால்களை எவர் தேடுவார்?"

மூன்றாவதில் இருபத்துநான்கு.
எல்லாம் பென்குவின்.
கறுப்பு, வெள்ளை, மறுபடியும் கறுப்பு.

கண்ணாடி அலமாரியில் இன்னொன்று இருந்தது.
பனிக்கரடியும் பென்குவினும்
ஒரே பனிக்கட்டியில் கைகோத்து நின்றன.
"அதை விற்க மாட்டேன்," என்றாள்,
"திட்டுவதற்காக வைத்திருக்கிறேன்."

மூன்றையும் வாங்கிக்கொண்டேன்.
இவற்றில் எதாவது ஒன்று என் மகளாக இருக்கும்.

எஸ்கேல் வரைக்கும் இரவு முழுக்க
மேடு பள்ளங்களில் மடியில் குலுங்கிக்கொண்டே வந்தன
நாற்பது துண்டுகள்.

நொயெமி கதவைத் திறந்தாள்.
அவள் காலுக்குப் பின்னாலிருந்து மகாலி
முதலில் பையைப் பார்த்தாள்.

பென்குவின்களைத் தரையில் கொட்டினாள்.
படம் மேலே தெரிய எல்லாவற்றையும் புரட்டினாள்.
நேர் விளிம்புத் துண்டுகளைத் தனியாகப் பொறுக்கினாள்.
"யார் சொல்லிக் கொடுத்தது?"
"பாலர் பள்ளியில்," என்றாள் நொயெமி அடுப்பருகிலிருந்து,
"மார்ச்சிலிருந்து போகிறாள். கடிதத்தில் எழுதியிருந்தேனே."

ஒரு அலகு எங்கே சேரும் என்று எனக்குத் தெரிந்தது.
கை நீட்டினேன்.
மகாலி அந்தக் கையை எடுத்து
என் முழங்கால் மேலேயே திரும்ப வைத்தாள்.
வைத்தவள் விடவில்லை. ஆள்காட்டி விரலைப் பார்த்தாள்.
நகம் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையாக முடிவதை.
"மீதித் துண்டு எங்கே?"
"கடலில். ஒரு இயந்திரம் கடித்துவிட்டது."
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
தரையைக்கூட ஒருமுறை தேடினாள்.

குவானகோ பெட்டியை எவரும் பிரிக்கவில்லை,
இன்றுவரை.
பன்னிரண்டு துண்டு வயதை
நான் இல்லாதபோதே அவள் தாண்டியிருக்கிறாள்.

குமிழ் வைத்த பலகையை மட்டும்
இரண்டு கையாலும் தள்ளி என் முன் வைத்தாள்.
"இது உனக்கு. பிடிச்சுக்க இருக்கு பாரு."

கடற்சிங்கத்தை எடுத்தேன்.
கயிறும் உப்பும் தடிப்பாக்கிய விரல்களுக்கு
அந்தக் குமிழ் சரியாகத்தான் இருந்தது.
எங்கே வைப்பதென்று தெரிந்தே
தலைகீழாக வைத்து அமுக்கினேனா,
தெரியாமலா,
இப்போது சொல்ல முடியவில்லை.

"அமுக்காதே," என்றாள் மகாலி.
"திருப்பு."